மோட்டார் லாரியின் பெல்ட்டும் டென்ஷனரும்: பழுதறிதலும் பழுது நீக்கலும்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும், ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வழியாகக் காட்டுமன்னார்கோயில் நோக்கிச் செல்லும் சாலையும் கூடுமிடத்தில் மீன்சுருட்டி அமைந்துள்ளது. 2007-ஆம் ஆண்டில் பெரம்பலூரினின்றும் பிரிந்த அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியே, அரியலூர்ச் சிமெண்டும், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியும், கொள்ளிடக் கரையோரத்து நெல்லும் கரும்பும் இரவு பகலாகச் சென்று கொண்டிருக்கின்றன. சுமையைக் கொண்டு செல்வன டீசல் லாரிகளே. அவற்றுள் பல நம் விவசாயிகளுக்கே சொந்தமானவை. இருவர் மூவர் கூட்டாக வாங்கி, கடன் தவணையைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவையும் உண்டு.

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், இவ்வூர்ச் சாலையோரத்தில் இருநூறு மூட்டை நெல்லுடன் நின்றிருந்த ஒரு லாரியைக் கண்டோம். வானம் மூடியிருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்திற்கு மேற்பட்டால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதை நம் வாசகர்கள் அறிவர். 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றும் நான்கு குடும்பங்களின் ஆறு மாத உழைப்பு. மழை பெய்துவிட்டால் அவ்வளவும் மறுபடி களத்திற்குத் திரும்ப வேண்டியதுதான். தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, “ஐயா, இது மூணாவது பெல்ட்டுங்க. போன மாசந்தான் புதுசு மாத்தினோம்” என்றார் வண்டியோட்டி. நாலு மாதத்தில் மூன்று பெல்ட்டுகள்! ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் மேல் பழி சுமத்தப்பட்டதே தவிர, அதை அறுத்தெறிந்தது எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அன்று அந்த லாரியில் கண்ட பழுதை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் பெல்ட்டின் வேலை இன்னது என்று தெரிந்துகொள்வோம். எஞ்சினின் முன்புறத்தில், கிராங்க் தண்டின் நுனியில் ஒரு பெரிய கப்பி இருக்கிறது. அது சுழலும்போது பெல்ட்டை இழுக்கிறது. பெல்ட், தண்ணீர்ப் பம்பையும், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் (நம் பக்கத்தில் இன்னும் டைனமோ என்றே சொல்வர்), பல வண்டிகளில் விசிறியையும் சுழற்றுகிறது. பழைய லாரிகளில் இவ்வேலைகளுக்கு ஆப்பு வடிவான வி பெல்ட்டுகள் இரண்டு மூன்று தனித்தனியே இருந்தன. பின்னர், அகலமாகவும் மெல்லியதாகவும் உட்புறத்தில் நீளவாக்கில் வரிகள் உடையதாகவும் அமைந்த ஒரே பெல்ட், எல்லாக் கப்பிகளையும் சுற்றி வருமாறு அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் ஃபோர்டு கார்களில் இது முதலில் புகுந்தது. நம் நாட்டில், டாடாவும் கம்மின்ஸ் நிறுவனமும் 1993-இல் கூட்டாக ஏற்படுத்திய ஜாம்ஷெட்பூர்த் தொழிற்சாலையின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் வழியாக இவ்வகைப் பெல்ட் லாரிப் பட்டறைகளுக்கு நன்கு அறிமுகமாயிற்று. இப்போது ஏறக்குறைய எல்லாப் புது வண்டிகளிலும் இதுவே உள்ளது. கப்பிகளுக்கிடையே பாம்பு போல நெளிந்து செல்வதால் ஆங்கிலத்தில் அப்படியே பெயரிட்டனர். நம் மெக்கானிக்குகள் ‘ரிப் பெல்ட்’ என்பர். பழக்க தோஷத்தால் ‘ஃபேன் பெல்ட்’ என்றும் கேட்டு வாங்குவர்.

பெல்ட் கப்பியைப் பிடித்து இழுப்பது எவ்வாறு? திமிறும் காளையின் கயிற்றை வெறுங்கையால் பிடிப்பவன் இழுபட்டுப் போகிறான். அதே கயிற்றை வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் சிறுவனும் காளையை நிறுத்திவிடுவான். சுற்று அதிகமாக அதிகமாகப் பிடிப்பும் பன்மடங்காகிறது. ஆனால் அச்சிறுவன் கயிற்றின் நுனியைச் சிறிதாவது இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். நுனியை விட்டுவிட்டால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை. லாரியில் அந்த நுனியைப் பிடித்திருக்கும் சிறுவன்தான் டென்ஷனர் என்பது. மேலும், பெல்ட்டின் வரிகள் கப்பியின் பள்ளங்களில் ஆப்புப் போல இறங்குவதால், தட்டையான பட்டையைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு உண்டாகிறது. வரிகள் தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டாலோ இந்த ஆதாயம் போய்விடும்.

டென்ஷனரின் அமைப்பு எளியது. எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கிண்ணம். அதனுள் சுருண்ட பலமான வில். வில்லால் தள்ளப்படும் ஒரு கை. கையின் நுனியில் வழவழப்பான ஒரு கப்பி. பெல்ட் நாளடைவில் சிறிது நீளும்போதும், வரி தேயும்போதும், கை தானாகவே நகர்ந்து விறைப்பைச் சமமாக வைத்துக்கொள்கிறது. டீசல் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்பிலும் ஓர் உதை உதைக்கிறது. அவ்வுதையில் கை துள்ளாதிருக்க, கிண்ணத்துக்குள் உராய்வு தரும் புஷ் ஒன்றும் உண்டு. இந்தப் புஷ்ஷே முதலில் கெடுவது. எவர் கண்ணிலும் படாததும் இதுவே.

இனி, பழுதின் அறிகுறிகள். காலையில் எஞ்சினை எழுப்பியதும் ‘கீச்’ என்று நீளமாகக் கத்திவிட்டுச் சற்று நேரத்தில் அடங்கிவிடும் சத்தத்தைப் பலரும் கேட்டிருப்பர். எஞ்சினை எழுப்புவதில் பாட்டரி வடிந்துவிடுகிறது. அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. அதன் கப்பியோ எல்லாவற்றிலும் சிறியது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் அது இரண்டரை முதல் மூன்று சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே விறைப்புக் குறைந்த பெல்ட் முதலில் வழுக்குவது அங்கேதான். சூடேறியதும் சத்தம் நின்றுவிடுவதால், ‘பனிக்குக் கத்துகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் முகப்பு விளக்குகளைப் போட்டதும் கத்தினாலும் காரணம் இதுவே.

வேறொரு சத்தம் உண்டு. குருவி கத்துவது போல், விட்டு விட்டு, எஞ்சினின் வேகத்திற்கேற்ப எழும். இது விறைப்பின் குறையன்று. கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பெல்ட் பக்கவாட்டில் உராய்வதால் வருவது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனையைச் சொல்கிறோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கைத்தெளிப்பானால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் நல்ல தண்ணீரைச் சிறிது தெளிக்க வேண்டும். (பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை நன்கு கழுவிவிட்டு எடுப்பதே உசிதம்.) சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது, விறைப்பில்தான் கோளாறு. சத்தம் நின்று, நீர் உலர்ந்ததும் திரும்பி வந்தால் கப்பிகளின் வரிசையில் கோளாறு. இச்சோதனையைச் செய்பவர் தோளில் துண்டோ, தொங்கும் வேட்டி முனையோ இருத்தலாகாது. விசிறி யாரையும் பார்த்து நிற்பதில்லை.

சத்தம் வந்தவுடன் பெல்ட்டில் சோப்பைத் தேய்ப்பதும், குங்கிலியத்தைப் பொடித்துத் தூவுவதும், பெல்ட்டுக்கென்று கடைகளில் விற்கும் மெழுகைப் பூசுவதும் நம் கிராமங்களில் காணும் வழக்கம். முற்காலத்தில் அரைவை ஆலையிலும் பம்புசெட்டிலும் ஓடிய தட்டைப் பட்டைகளுக்குக் குங்கிலியம் ஏற்ற மருந்தாயிருந்தது உண்மை. வரிப் பெல்ட்டுக்கு அது விஷம். ஒட்டும் பசையில் புழுதியும் உமித்தூசியும் படிந்து உப்புத்தாள் போலாகி, வரிகளையும் கப்பியின் பள்ளங்களையும் அராவிவிடும். சத்தம் ஒரு நாள் அடங்கும். அடுத்த வாரம் பெல்ட் போய்விடும். நோயை மறைத்துப் பிணியாளனைக் கொல்லும் வைத்தியம் இது.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்து அறிவதிலும் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. முன்பு நியோப்ரீன் ரப்பரில் செய்த பெல்ட்டுகள் கிழடானால் குறுக்கே வெடித்தன. மூன்று அங்குல நீளத்துக்குள் ஒரே வரியில் மூன்று வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. 1990-களுக்குப் பிறகு ஈபிடிஎம் என்ற ரப்பர் பழக்கத்துக்கு வந்தது. இது எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போலத் தேய்ந்துகொண்டே போகும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ‘வெடிப்பு இல்லையே’ என்று நிம்மதியடைவது இங்கே ஏமாற்றத்தில் முடியும். வரிகளுக்கிடையேயுள்ள பள்ளம் கூர்மையாக இருந்தால் நல்லது. அகன்று வட்டமாகியிருந்தாலும், பள்ளத்தின் அடிப்பாகம் பளபளத்தாலும், தேய்வு மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். பெல்ட்டின் ஓர் ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் அது நேர்கோடு தவறியதற்குச் சாட்சி. எண்ணெய் ஊறிப் பொதபொதவென்றிருந்தால், எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அதை நிறுத்திய பின்னரே புதுப் பெல்ட்டைப் போட வேண்டும். நம் மண் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு: சிறு சரளைக் கல்லோ, அறுவடைக் காலத்து வைக்கோல் துணுக்கோ கப்பியின் பள்ளத்தில் சிக்கி இறுகிவிடும். பெல்ட் அவ்விடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மேலெழும்பி, ஒரு வரி கிழிந்து நாடாவாகத் தொங்கும். கல்லை எடுக்காமல் பெல்ட்டை மாற்றுவதில் என்ன பயன்?

மீன்சுருட்டியில் நின்ற லாரிக்கு வருவோம். அறுந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தோம். வரிகள் கூர்மையாகவே இருந்தன. ஆனால் ஒரு பக்கத்து ஓரம் முழுவதும் நூல் பிரிந்திருந்தது. கப்பிகளின் முகத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது மற்றவையெல்லாம் ஒட்டி நின்றன. டென்ஷனரின் கப்பி மட்டும் மேல்புறம் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ‘கடக் கடக்’ என்று ஆடியது. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து செந்நிறத் துருப்பொடி வழிந்திருந்தது. புஷ் தேய்ந்து போயிற்று, கை சாய்ந்தது, சாய்ந்த கப்பி பெல்ட்டை ஒரு பக்கமாகத் தள்ளியது, தள்ளப்பட்ட பெல்ட் பக்கத்துப் பள்ளத்தின் விளிம்பில் அராவி அறுந்தது. மூன்று பெல்ட்டுகளின் விலையைச் சேர்த்தால் ஒரு புது டென்ஷனரே வாங்கியிருக்கலாம். வரிப் பெல்ட்டுகளின் கப்பிகள் அரைப் பாகைக்கு மேல் கோணக்கூடாது என்பார்கள். அதாவது ஓரடி தூரத்திற்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் சாய்வென்றால் அது ஏற்கெனவே அளவு கடந்துவிட்டது என்று பொருள்.

ஆதலின், பெல்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டென்ஷனரைச் சோதிப்பது அவசியம். எஞ்சின் ஓடும்போது கையை உற்று நோக்குக: இலேசாகத் துடித்தால் சரி, விரற்கடை அளவுக்கு எம்பி எம்பி விழுந்தால் புஷ் போய்விட்டது. பல டென்ஷனர்களில் கிண்ணத்தின் மேல் இரு கோடுகளும், கையில் ஒரு முனையும் இருக்கும். முனை இரு கோடுகளுக்கிடையே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது, அல்லது தவறான நீளமுள்ள பெல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்திய பின், நீண்ட பிடியுள்ள ரெஞ்சினால் கையை அதன் கடைசி வரை தள்ளி, மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். வழியில் எங்கும் சிக்காமல், கரகரக்காமல், முழுப் பலத்துடன் திரும்பி வர வேண்டும். கப்பியைக் கையால் சுழற்றினால் சத்தமின்றிச் சுழன்று சற்றில் நிற்க வேண்டும். நெடுநேரம் சுழன்றுகொண்டேயிருந்தால் பேரிங்கில் கிரீஸ் வறண்டுவிட்டது என்க.

பேரிங் மட்டும் கெட்டு, வில்லும் புஷ்ஷும் நன்றாயிருந்தால், பழைய பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து, இருபுறமும் மூடியுள்ளதாக வாங்கிப் பொருத்தலாம்; இதை நம்மூர்ப் பட்டறைகள் நன்றாகவே செய்கின்றன. கப்பியின் நடு போல்ட் சில வண்டிகளில் இடப்பக்க மரையாக இருக்கும். பலங்கொண்டு எதிர்த்திசையில் முறுக்கி உடைப்பவர்கள் உண்டு. வில்லோ புஷ்ஷோ கெட்டால் டென்ஷனர் முழுவதையும் மாற்ற வேண்டியதே. கிண்ணத்தைப் பிரித்துப் பார்க்க முயல்வது கைவிரலுக்கு ஆபத்து. வேறொரு கைவேலையையும் கண்டிருக்கிறோம். கையை ஓரிடத்தில் நிறுத்தி, போல்ட் போட்டோ வெல்டிங் வைத்தோ அசையாமல் பூட்டிவிடுகிறார்கள். பெல்ட் விறைப்பாகிச் சத்தம் நின்றுவிடும். உரிமையாளரும் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுவார். ஆனால் எஞ்சினின் உதையெல்லாம் இப்போது தண்ணீர்ப் பம்பின் பேரிங்கின் மேல் விழுகிறது. பம்பு ஆடத் தொடங்கி, தண்ணீர் ஒழுகி, வழியில் நிற்கும் நாள் தொலைவில் இல்லை.

பெல்ட்டை மாற்றும் முறையைக் கூறுவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கேபினைத் தூக்கும் வண்டியானால் தாங்குகோல் பூட்டிவிட்டதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழைய பெல்ட் போகும் வழியைக் கைப்பேசியில் படம் பிடித்தோ காகிதத்தில் வரைந்தோ வைத்துக்கொள்ளாமல் கழற்றலாகாது. பெல்ட்டின் முதுகு எந்தக் கப்பியில் உராய்கிறது, வரிப்பக்கம் எதில் உராய்கிறது என்பது மாறிப்போனால் தண்ணீர்ப் பம்பு எதிர்த்திசையில் சுழலும். அப்படிச் சுழன்றால் தண்ணீர் சரியாகப் பாயாது. எஞ்சின் சூடாவதற்குக் காரணம் தேடி ரேடியேட்டரைக் கழற்றியவர்களை அறிவோம்.

டென்ஷனரின் கையில் பெரும்பாலும் அரை அங்குலச் சதுரத் துளை இருக்கும். அதில் நீண்ட பிடியைச் செருகி, வில்லை எதிர்த்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பள்ளமில்லாத வழவழப்பான கப்பியிலிருந்து பெல்ட்டை நழுவவிட வேண்டும். பிடியைத் திடீரென்று விட்டால் முகத்தில் அடிக்கும். பெல்ட் வெளியே வந்தபின் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தண்ணீர்ப் பம்பின் தண்டு ஆடுகிறதா, அதன் அடியிலுள்ள சிறு துளையில் ஈரமோ உப்புப் படிந்த கறையோ தெரிகிறதா, ஆல்டர்னேட்டர் கரகரக்கிறதா, அதைத் தாங்கும் பிராக்கெட் போல்ட் தளர்ந்துள்ளதா என்று பார்த்து, பள்ளங்களை விறைப்பான தூரிகையால் துடைத்துச் சுத்தம் செய்க.

புதுப் பெல்ட்டைப் பழையதோடு முதுகில் அச்சிட்ட எண்ணை வைத்து ஒப்பிட வேண்டும். உதாரணமாக, 8 பிகே 1420 என்று இருந்தால், வரிகள் எட்டு, நீளம் 1420 மில்லிமீட்டர். தேய்ந்து நீண்ட பழைய பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டு அளந்து, அதே நீளத்துக்குப் புதியது வாங்குவது தவறு. கிராங்க் கப்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சுற்றி, கடைசியில் வழவழப்பான கப்பியின் மேல் ஏற்ற வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளேயுள்ள நூல் அறுந்துவிடும். அது வெளியே தெரியாது. எல்லாக் கப்பியிலும் எட்டு வரியும் எட்டுப் பள்ளத்தில் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரி தள்ளி அமர்ந்த பெல்ட் பத்து மைல் கூடத் தாங்குவதில்லை. பின்பு எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பார்த்து, பாட்டரியை இணைத்து, எழுப்பலாம். தானியங்கி டென்ஷனர் உள்ள பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து விறைப்பு அறிவதில்லை; அது பழைய வி பெல்ட்டுக்கு உரிய சோதனை.

ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் என்னாகும்? பாட்டரி விளக்கு சிவப்பாக எரியும். இதை ‘சார்ஜ் ஏறவில்லை, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எண்ணுவதே பெரும் நஷ்டத்திற்கு வித்து. தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால், விளக்கு எரிந்த சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். தண்ணீர் ஓடாது நிற்கும்போது வெப்பமானி உண்மையைக் காட்டாமலும் போகலாம். ஹெட் காஸ்கெட் எரிந்து, ஹெட் கோணி, எண்ணெயில் தண்ணீர் கலந்து மோர் போலாகிவிட்டால், செலவு பெல்ட் விலையின் பன்மடங்காகும். வண்டியும் அறுவடைக் காலத்தில் பல நாள் பட்டறையில் கிடக்கும். ஆகவே விளக்கு எரிந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றலாகாது. பெரும்பாலான லாரிகளில் பிரேக்குக்குக் காற்றுத் தரும் கம்பிரஸர் பற்சக்கரத்தால் ஓடுவதால் பெல்ட் அறுந்தாலும் பிரேக் இருக்கும்; ஆயினும் தம் வண்டியில் எப்படி என்பதை வண்டியோட்டி முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். கோடையில் குடிநீர் கொண்டுவரும் டேங்கர் லாரி வாடகைக்கு எடுத்ததாயினும் சொந்தமாயினும், அதன் பெல்ட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வராத நாளில்தான் குடங்களுடன் தாய்மார்கள் கேட்கிறார்கள். பங்குனி பிறக்குமுன் ஒரு நாள் வண்டியைக் காலையில் குளிர்ந்தபடியே எழுப்பச் சொல்லி, விளக்குகளைப் போட்டு, காதால் கேட்பதற்குக் கால் மணி நேரம் போதும். வாடகை ஒப்பந்தத்தில் உபரி பெல்ட் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதிலும் தவறில்லை.

அன்று மாலை, ஜெயங்கொண்டத்திலிருந்து புது டென்ஷனரும் பெல்ட்டும் வந்து சேர, விளக்கு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தூறல் விழத் தொடங்கியபோது லாரி கொள்முதல் நிலையத்தின் கூரைக்குள் இருந்தது. பழைய டென்ஷனரை வண்டியோட்டி எறிந்துவிடாமல் ஆசனத்தின் பின்னே வைத்துக்கொண்டார். கேபின் கதவின் உட்புறத்தில், பெல்ட்டின் எண்ணையும், மாற்றிய தேதியையும், அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும் சிவப்பு வர்ணத்தால் எழுதச் சொன்னோம், எழுதினார்.